பங்குனி ஆமையும் நம் கடற்கரைப் பிள்ளைகளும்

ஆலயம் எழுந்த வரலாறு, பங்கை வழிநடத்திய தந்தையர்களின் வரிசை, அன்பியங்களின் பணி ஆகியவை இம்மலரின் மற்றப் பக்கங்களில் இடம் பெற்றுள்ளன. நாம் இங்கே எழுத முற்படுவது வேறொரு வரலாறு. அது நம் ஆலய வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணலின் மேல், பெரும்பாலும் நாம் உறங்கும் வேளையில் நடந்து வந்திருக்கிறது. சென்னைக்குத் தெற்கே கடலையே நம்பி வாழும் நமக்கு அந்த வரலாறு நெருக்கமானது. ஆயினும் நம்மில் பலர் அதை முழுமையாக அறியோம். நம் பிள்ளைகளோ பாடப் புத்தகத்தில் திமிங்கலத்தைப் பற்றிப் படிக்கிறார்கள். தம் வீட்டுப் பின்புறத்துக்கு வந்து போகும் ஆமையைப் பற்றி அறியாமல் இருக்கிறார்கள். அக்குறையைப் போக்கும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

பங்குனியில் வரும் விருந்தாளி

நமது கரைக்கு வரும் கடலாமைகளில் மிகுதியானது பங்குனி ஆமை. சித்தாமை என்றும் இதைச் சொல்வதுண்டு. தை பிறந்ததும் வரத் தொடங்கி, மாசி, பங்குனி மாதங்களில் மிகுதியாகக் கரையேறுவதால் இப்பெயர் பெற்றது. வளர்ந்த ஆமை ஏறத்தாழ இரண்டடி நீளமும் 35 முதல் 50 கிலோ வரை எடையும் இருக்கும். இருட்டிய பின் தாய் ஆமை அலையை விட்டு ஏறி, ஈரமில்லாத மணலைத் தேடி வரும். பின்கால் துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டும். அக்குழியின் வடிவம் குடத்தைப் போன்றது. வாய் சிறுத்து, அடி அகன்றிருக்கும். மேசைப்பந்து போன்ற வெள்ளை முட்டைகள் நூறு, நூற்றிருபது வரை அதில் இடும். பின்னர் மணலை மூடி, தன் உடலை இடமும் வலமும் ஆட்டித் தட்டி, மணலை இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அப்போது அதன் கண்ணில் நீர் வழிவதைக் கண்டவர்கள், "பிள்ளைகளை விட்டுப் போகிறதே என்று அழுகிறது" என்பார்கள். உடலில் சேர்ந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியின் நீர் அது என்று அறிவியல் கூறுகிறது.

சங்கப் புலவரும் இக்காட்சியை அறிந்திருந்தனர். அகநானூற்றின் 160-ஆம் பாடலில், கடலாமை மணல் மேட்டில் முட்டையிட்டு மறைத்து வைப்பதும், குஞ்சு பொரிக்கும் வரை ஆண் ஆமை காவல் இருப்பதும் சொல்லப்பட்டுள்ளன. முன்னதை நாம் இன்றும் காண்கிறோம். பின்னது புலவரின் கற்பனை. ஆண் பங்குனி ஆமை கரையேறுவதில்லை. தாயும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாற்பத்தைந்து முதல் அறுபது நாட்கள் வரை அம்முட்டைகள் மணலின் சூட்டை மட்டுமே நம்பிக் கிடக்கின்றன. அந்நாட்களில் காவல் என்று ஒன்று உண்டானால், அது கரையில் வாழும் மனிதர் கொடுக்கும் காவலே ஆகும்.

முட்டை விலைபோன காலம்

அந்தக் காவல் முன்பு இருந்ததில்லை. ஆமை முட்டை சத்துள்ளது, மூலத்துக்கு மருந்து என்று நம்பப்பட்ட காலம் ஒன்று உண்டு. கரையோரத்தில் முட்டை எடுப்பதையே ஒரு துணைத் தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். ஆமை ஏறிய தடத்தைப் பார்த்து, மணலில் கம்பியைக் குத்தி, ஈரம் ஒட்டுகிறதா என்று பார்த்தே குழியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தெற்கே மன்னார் வளைகுடாவில் ஆமைக்கறி வாணிகமே நடந்தது. தூத்துக்குடியில் ஆமையின் இரத்தத்தை மருந்தென்று குடித்ததும் பதிவாகியுள்ளது. அதே வேளையில், ஆமையைத் தெய்வமாக எண்ணி, வலையில் அகப்பட்டதை வணங்கிக் கடலிலேயே விட்ட மீனவர்களும் நம் கரையில் உண்டு. ஆகவே கடற்கரை மக்கள் எல்லாருமே ஆமைக்குப் பகைவர் என்று யாரேனும் எழுதினால், அது பாதி உண்மை என்றுகூடச் சொல்ல இயலாது.

1972-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. இன்று பங்குனி ஆமை அச்சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் நிகரான பாதுகாப்புடன் இடம் பெற்றுள்ளது. ஆனால் சட்டம் டெல்லியில் இருந்தது. முட்டை நம் மணலில் இருந்தது. இரவு இரண்டு மணிக்கு அம்மணலில் நடக்க ஆள் வேண்டியிருந்தது.

நடக்கத் தொடங்கியவர்கள்

அந்த ஆட்கள் 1970-களின் தொடக்கத்தில் வந்தார்கள். சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும், அவரைச் சுற்றியிருந்த இளைஞர் சிலரும் இரவில் கடற்கரையில் நடந்து ஆமைக் குழிகளைத் தேடினார்கள். முட்டை எடுப்பவர் வருமுன் தாம் போய்ச் சேர்வதே அவர்களது போட்டி. கிடைத்த முட்டைகளை வேலியிட்ட இடத்தில் மறுபடி புதைத்துப் பொரிக்க வைத்தார்கள். நம் கரையில் ஆமைப் பொரிப்பகம் என்பது இவ்வாறு பிறந்தது.

அவர்களுள் சதீஷ் பாஸ்கர் என்பவரைத் தனியே குறிப்பிட வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவர், கடலாமையின் பின்னே போய்விட்டார். இந்தியக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்நடையாகவே நடந்து, எங்கெங்கே ஆமைகள் ஏறுகின்றன என்று பதிவு செய்தார். 1982-இல் இலட்சத்தீவைச் சேர்ந்த ஆளில்லாத சுஹேலித் தீவில் மழைக்காலம் முழுவதும் தனித்துத் தங்கினார். படகுப் போக்குவரத்து நின்றுவிட்ட அந்நாட்களில், மனைவிக்கு எழுதிய கடிதத்தை ஒரு புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அதை இலங்கைக் கடற்கரையில் ஒரு மீனவர் கண்டெடுத்து, தபாலில் சேர்த்தார். அது மனைவியின் கைக்குச் சேர்ந்தது. முன்பின் அறியாத ஒருவரின் கடிதத்தை உரியவரிடம் சேர்த்த அந்த மீனவரை நினைக்கையில், கடலோர மக்களாகிய நமக்குப் பெருமையே உண்டாகிறது. சதீஷ் பாஸ்கர் 2023-இல் மறைந்தார்.

மாணவர் கைக்கு வந்த பணி

1970-களின் பிற்பகுதியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோவளத்தில் ஆமை ஆய்வில் ஈடுபட்டது. 1982 முதல் தமிழ்நாடு வனத்துறை சென்னைக் கரையில் பொரிப்பகங்களை நடத்தியது. 1988-இல் வனத்துறை அப்பணியை நிறுத்தியது. அந்த ஆண்டோடு எல்லாம் முடிந்துபோயிருக்க வேண்டும். முடியவில்லை! சென்னையில் படித்துக்கொண்டிருந்த மாணவர் சிலர் கூடி, அதே 1988-இல் 'மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு' என்ற பெயரில் தாமே அப்பணியை ஏற்றார்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை, வாகனம் இல்லை, பகலில் வகுப்பும் தேர்வும் இருந்தன. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையிலும், அங்கிருந்து மெரினா நோக்கியும், இரவுதோறும் நடந்தார்கள். அன்னை வேளாங்கண்ணி ஆலயத்துக்குத் திருப்பயணம் போகிற நம் மக்கள் நன்கறிந்த அந்தப் பெசன்ட் நகர்க் கரையிலேதான் அவர்களது பொரிப்பகம் பருவந்தோறும் அமைந்து வந்துள்ளது.

அன்று நடந்த மாணவர்கள் படிப்பு முடித்து வேலைக்குப் போனார்கள். அடுத்த மாணவர்கள் வந்தார்கள். ஒரு தலைமுறை மற்றொரு தலைமுறைக்குக் கையளித்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அப்பணி தொடர்ந்திருக்கிறது. வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் உண்டானது. அவ்வாறு பெற்றோரின் கையைப் பிடித்து நடந்த சிறுவர்கள் எத்தனையோ பேர்!

அவர்கள் அந்த நடையில் கற்பது சாதாரணமானதன்று. முட்டையை இட்ட சில மணி நேரத்துக்குள் இடம் மாற்ற வேண்டும். அதிரவோ புரளவோ விட்டால் கரு கெட்டுவிடும். புதிய குழியும் தாய் தோண்டிய அதே ஆழத்திலும் அதே வடிவிலும் இருக்க வேண்டும். மணலின் வெப்பம் ஏறத்தாழ 29, 30 பாகைக்கு மேலே போனால் பொரிப்பவற்றில் பெண் குஞ்சுகள் மிகும். குறைந்தால் ஆண் குஞ்சுகள் மிகும். குஞ்சுகள் இரவில் வெளிவந்ததும் வெளிச்சமான திசையை நோக்கி ஓடும். இயற்கையில் அது விண்மீன் ஒளி படர்ந்த கடலின் திசை. கரையில் மின்விளக்கு எரிந்தாலோ அவை சாலையை நோக்கி ஓடி, காலையில் நாய்க்கும் காக்கைக்கும் இரையாகிக் கிடக்கும். இவை அனைத்தையும் பள்ளியில் கரும்பலகையில் எழுதிப் போடலாம். கையில் ஒரு குஞ்சு துடுப்படிக்கும்போது கற்பவன் அதை மறப்பதில்லை.

பொரிப்பகம் என்பது கட்டாயத்தின் பேரில் செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். முட்டை தாய் இட்ட இடத்திலேயே பொரிப்பதே சிறந்தது. நாயும் மனித நடமாட்டமும் விளக்கும் மிகுந்த கரையில் அது இயலாமற்போகவே, இடம் மாற்ற நேர்கிறது. ஆகவே பொரிப்பகங்கள் பெருகுவதைவிட, பொரிப்பகமே தேவைப்படாத இருண்ட, அமைதியான கரைகள் பெருகுவதே மேலான வெற்றி. கரையோர உயர்கோபுர விளக்குகளைப் பருவகாலத்தில் நள்ளிரவுக்கு முன்பே அணைத்துவிடும்படி அம்மாணவர்கள் ஓயாமல் கேட்டு வந்ததற்கும் இதுவே காரணம்.

குப்பத்து இளைஞர்கள்

நகரத்து மாணவர் செய்தது பெரும்பணி. ஆயினும் கரை நெடுகிலும் நகரம் இல்லை, குப்பங்களே உள்ளன. அங்கே இரவில் விழித்திருப்பவன் மீனவன். ஆமை எங்கே ஏறும், காற்று எப்பக்கம் திரும்பும், நீரோட்டம் எப்படிப் போகும் என்பதை அவனுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2002-இல் சுப்ரஜா தாரிணி நிறுவிய 'ட்ரீ' அறக்கட்டளை, நீலாங்கரையைச் சுற்றியுள்ள குப்பங்களில் தொடங்கி, மீனவ இளைஞர்களையே கடலாமைப் பாதுகாவலர்களாக அமர்த்தியது. தந்தை முட்டை எடுத்த கரையில் மகன் முட்டைக்குக் காவல் நின்றான் என்று சொல்லத்தக்க மாற்றம் இது.

ஒடிசாவிலும் இதே பாடத்தைக் காண்கிறோம். அங்கே கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் பங்குனி ஆமைகள் சில இரவுகளுக்குள் இலட்சக்கணக்கில் கூட்டமாக ஏறி முட்டையிடுகின்றன. ருஷிகுல்யா கழிமுகத்தின் அருகே உள்ள சிற்றூர்களின் மக்களே குழு அமைத்து அக்கரையைக் காத்து வருகிறார்கள். பொரித்த குஞ்சுகள் வழிதவறினால் கூடைகளில் அள்ளிக் கடலில் விடுவது ஊர்ச் சிறுவர்களின் வேலை.

அரசாணைகள் தேவை, ஆராய்ச்சி தேவை. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இந்த ஐம்பது ஆண்டு வரலாறு நமக்குக் காட்டுவது ஒன்று. துறைகள் வந்தன, போயின. திட்டங்கள் தொடங்கின, நின்றன. அந்தந்தக் கரையில் வாழ்கிறவர்கள் "இது எங்களுடையது" என்று ஏற்ற இடத்தில்தான் பணி நிலைத்தது.

கடலில் நேரும் சாவு

மகிழ்ச்சியான செய்தியோடு நின்றுவிட நமக்கு உரிமையில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையிலும் அதையடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. காலையில் கரைக்குப் போன நம் மக்களும் அவற்றைக் கண்டு கலங்கினார்கள். ஆமைக்கு மீனைப் போலச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுகிறது. நீருக்கடியில் வலையில் அகப்பட்டு மேலே வர இயலாவிட்டால் மூச்சு முட்டிச் சாகும். அந்த ஆமைகளில் மிகுதியானவை இவ்வாறு இறந்தவை என்றே ஆய்ந்தவர்கள் கூறினர்.

யார் வலை என்ற கேள்வி எழுந்ததும் ஊருக்கு ஊர் பேச்சு வளர்ந்தது. இழுவைப் படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் தொழில் செய்யக்கூடாது என்பது விதி. ஆமைகள் பருவகாலத்தில் கூடுவதும் அதே எல்லைக்குள்தான். விதி மீறப்பட்டால் ஆமையும் சாகிறது. பைபர் படகிலும் கட்டுமரத்திலும் போகிற சிறு மீனவனின் பாடும் போகிறது. இந்த இடத்தில் ஆமையின் நன்மையும் ஏழை மீனவனின் நன்மையும் ஒன்றாகவே இருப்பதைக் கவனிக்க வேண்டும். அதேபோல், நம்முடைய செவுள் வலையிலும் ஆமை சிக்குவதுண்டு என்பதை நாம் மறைக்கவொண்ணாது. வலை அறுந்தால் நட்டம் நமக்கு. அந்த நட்டத்தையும் பொறுத்து, வலையை அறுத்து ஆமையை விடுகிற மீனவர்கள் நம் நடுவே இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்த மலரிலும் அச்சேறுவதில்லை. ஆகையால் இங்கே அவர்களுக்குப் பொதுவாக நம் நன்றியைப் பதிவு செய்கிறோம். அவர்களது வலைக்கு உரிய இழப்பீடு கிடைக்க வேண்டும் என்று கேட்பதும் நியாயமே.

இழுவை வலையில் பொருத்தத்தக்க ஆமை விலக்குக் கருவி ஒன்று உண்டு. வலையினுள் சாய்வாகக் கம்பிச் சட்டம் இருக்கும். இறால் கம்பிகளின் ஊடே உள்ளே போக, ஆமை சட்டத்தில் மோதி மேலுள்ள திறப்பு வழியே தப்பிவிடும். பிடியில் ஒரு பகுதியும் போய்விடுகிறது என்பது படகுக்காரர் சொல்லும் குறை. அக்குறையைப் பேசித் தீர்ப்பதே முறை. ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் உள்ளது. அது மீன்களின் இனப்பெருக்கத்துக்காக ஏற்பட்டது. ஆமைகள் மிகுதியாக வருவதோ அதற்கு முந்திய மாதங்களில்.

வகுப்பறையும் மணலும்

1991-இல் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளி கல்லூரிகளில் கட்டாயமாக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2001-இல் தேசிய பசுமைப் படை தொடங்கப்பட்டு, நாடெங்கும் பள்ளிகளில் சூழல் மன்றங்கள் ஏற்பட்டன. இவை நல்ல முயற்சிகள். ஆனால் பல இடங்களில் அக்கல்வி ஓவியப் போட்டியோடும் ஜூன் 5-இல் ஒரு மரக்கன்று நடுவதோடும் முடிந்துவிடுகிறது. கடற்கரைப் பிள்ளைக்குக் கடற்கரையிலேயே பாடம் நடத்த வேண்டும். அவனது பாட்டனும் சித்தப்பாவும் அங்கே ஆசிரியர்கள். வாடைக்காற்றையும் கச்சானையும், நண்டு வளையையும் ஆமைத் தடத்தையும் அவர்கள் அறிந்த அளவு எப்புத்தகமும் அறியாது. அந்த அறிவு எழுதப்படாமல் அவர்களோடே போய்விடும் நிலையில் இருக்கிறது என்பதே நம் கவலை. படித்த பிள்ளை கடலை விட்டு விலகுகிறான். கடலை அறிந்த பெரியவரிடம் கேட்பார் இல்லை. இவ்விருவரையும் ஒரு பருவத்துக்கு ஒன்றாக நடக்க வைத்தால் இருவருக்கும் நன்மை.

நாம் செய்யக்கூடியவை

பங்குனி ஆமையின் பருவமும் நமது தவக்காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப்பாதைக்கு நம் பிள்ளைகள் எப்படியும் கூடுகிறார்கள். அவ்விரவுகளில் இளைஞர் குழுவினரும், மாணவர் இயக்கத்தினரும், விரும்பும் பெற்றோரும், அனுபவமுள்ள மீனவப் பெரியவர் ஒருவரின் துணையோடு நம் கரையில் ஒரு முறை நடந்து வரலாம். முட்டையை நாமாகத் தொடலாகாது, சட்டமும் அனுமதிக்காது. தடத்தைக் கண்டால் வனத்துறைக்கோ, அனுமதி பெற்ற பாதுகாவலர்களுக்கோ உடனே செய்தி சொல்ல வேண்டும். ஆமை ஏறுகையில் கைவிளக்கு அடிப்பதும், படம் எடுக்க நெருங்குவதும், சத்தமிடுவதும் வேண்டா. அது முட்டையிடாமலே திரும்பிவிடும்.

கடலைப் பார்த்த வீடுகளின் வெளிவிளக்குகளை ஜனவரி முதல் மே வரை இரவில் அணைக்கலாம். நம் ஆலயத் திருவிழா விளக்கு அலங்காரமும் கடற்பக்கம் ஒளி வீசாதவாறு அமைக்கப்படலாம். கிழிந்த வலைத் துண்டுகளை மணலில் விட்டுவிடாமல் சேர்த்து அப்புறப்படுத்தலாம். எந்த நாளில், எந்த இடத்தில் ஆமை ஏறியது, இறந்தது எத்தனை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் மறைக்கல்வி மாணவர்கள் ஆண்டுதோறும் எழுதி வைக்கலாம். திருமுழுக்கும் திருமணமும் பதிவேட்டில் எழுதிப் பழகிய நமக்கு இது கடினமன்று. பத்து ஆண்டு எழுதினால், அதுவே நம் கரையின் முதல் வரலாற்று ஏடாகிவிடும். நாளை யாரேனும் நம் கரையைப் பற்றி முடிவெடுக்க வந்தால், அதை எடுத்துக் காட்டலாம்.

ஆயிரம் குஞ்சுகள் கடலில் இறங்கினால் ஒன்றே பிழைத்து வளரும் என்பார்கள். பிழைத்தது பெண்ணானால், பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, தான் பிறந்த கரைப் பக்கமே முட்டையிடத் திரும்பி வரும். இவ்வாண்டு முதல் நற்கருணை பெறும் நம் சிறுவர் சிறுமியர் அப்போது இப்பங்கின் இளைஞர்களாகவும் பெற்றோராகவும் இருப்பார்கள். அந்த ஆமை வந்து ஏறுவதற்கு இருண்ட, சுத்தமான ஒரு கரையும், அதற்குக் காவல் நிற்க அறிந்த கைகளும் இருக்க வேண்டும். கரையை நாம் வைத்துக் கொடுப்போம். காவலை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்போம். நம் பங்கின் அடுத்த விழா மலரில் இதன் தொடர்ச்சியை அவர்களே எழுதட்டும்.